அது நட்சத்திரம் இல்லைங்க, ரெண்டு கோழிக்கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல பழைய மலாயா ரப்பர் தோட்டத்துச் சாமான்கள்னு ஒரு பக்கம் முழுக்க படம் போட்டிருந்தீங்க, மரத்துப் பால் புடிக்கிற மங்கு, வாளி தூக்குற காண்டா கம்பு, பால் வாளி, வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டு மணின்னு எல்லாம் பார்க்க சந்தோஷமா இருந்துச்சு. எங்க அத்தை கண்ணாடிய மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆனா கீழ வலது பக்கம் ஒரு கத்தி படம் போட்டு, நட்சத்திர முத்திரை இருக்கிறதால இது பிந்தாங் தீகா, அதாவது மூணு நட்சத்திரக் கம்யூனிஸ்ட்காரங்க கத்தின்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், கோச்சுக்காதீங்க.

அதே முத்திரை எங்க வீட்டுக் கத்தியிலயும் இருக்கு. அந்த முத்திரையால எங்க தாத்தாவுக்கு லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, கெட்ட பேரு, செத்தும் போகல அந்தப் பேரு.

கத்திய பத்தி முதல்ல சொல்லிடறேன். அலகு மட்டும் சுமாரா 15 இன்ச், பிடி கிட்ட ஒடுக்கமா ஆரம்பிச்சு நுனிக்குப் போகப் போக அகலமாகும். நம்ம ஊரு கொல்லர் லோரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிற பாராங் கத்தி மாதிரி தடிமனா இருக்காது, மெலிசு, கையில எடுத்து வீசினா லேசா அதிரும். மூங்கிலோ கட்டையோ வெட்ட பாராங்தான் சரி, அதோட கனமே வேலைய செஞ்சிடும். இது லாலாங் புல்லு, கொடி, முள்ளு, இளங்குச்சி எல்லாத்தையும் சாய்ச்சுக்கிட்டே நடக்கிறதுக்குச் செஞ்சது, நாள் பூரா வீசினாலும் தோள்பட்டை போகாது. இரும்பையும் ரொம்ப முறுகலா பதம் போட்டிருக்க மாட்டாங்க, கல்லுல பட்டா உடையாம மடங்கும், சாயங்காலம் ஒரு அரத்தால நாலு இழுப்பு இழுத்தா மறுபடி கூர் வந்துடும். பிடி ஒரிஜினல் இல்ல, தாத்தா கொய்யா மரத்துல செதுக்கி மாத்தினது, பழைய ரிவெட் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கு. ஒரு பக்கம் பூரா அம்மை போட்ட மூஞ்சி மாதிரி குழி குழியா துரு அரிச்சிருக்கும், அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சுங்கை சிப்புட் பக்கம் நாங்க இருந்த தோட்டம் இப்ப முழுக்க செம்பனை, லயமும் இல்ல. அத்தை தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தப்ப சாக்குல சுத்தி இந்தக் கத்தியையும் கொண்டு வந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி என் அக்கா மகன் அத ஹால்ல மாட்டப் போறேன்னு கிரைண்டர எடுத்துட்டான், பளபளன்னு ஆக்கணுமாம். நான் போய் சுவிட்ச ஆஃப் பண்ணேன். நான் முப்பது வருஷம் ஈப்போவுல அச்சகத்துல வேலை பார்த்தவன், ஒரு எழுத்து பதிஞ்சிருக்குன்னா அத படிக்காம விட மனசு வராது. அலகுல பிடி கிட்ட ஏதோ எழுத்து தடவினா தட்டுப்பட்டுச்சு.

தாத்தாவுக்கு இந்தக் கத்தி எப்படி வந்துச்சுன்னு எங்க வீட்டுல மூணு கதை உண்டு. பாட்டி சொல்றது சயாம்லேர்ந்து கொண்டு வந்தாருன்னு. தாத்தா சயாம் ரயிலுக்குப் போனவரு, 1943ல தோட்டத்துலேர்ந்து ஆளுங்கள லோரியில ஏத்திட்டுப் போனப்ப அவரையும் ஏத்திட்டாங்க. தாய்லாந்து பான் போங்லேர்ந்து பர்மா தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், காட்ட வெட்டி மலைய உடைச்சு ஜப்பான்காரன் போட்ட பாதை. வெள்ளைக்கார கைதிங்க கதை உலகத்துக்கே தெரியும், அவங்களுக்கு வரிசையா கல்லறை கட்டி வெச்சிருக்காங்க, அவங்கள விட பல மடங்கு செத்தது நம்ம தோட்டத்து ஜனங்களும் மத்த ஆசியாக்காரங்களும்தான், அவங்கள எங்க புதைச்சாங்கன்னே பல இடத்துல அடையாளம் கிடையாது. தாத்தா திரும்பி வந்தாரு, காலுல பெரிய புண்ணுத் தழும்போட வந்தாரு, அதப் பத்தி யாரு கேட்டாலும் வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்குவாரு, அதோட பேச்சு முடிஞ்சுது.

ரெண்டாவது கதை லயத்துல பேசிக்கிட்டது. பட்டாளத்து ஸ்டோர்ல திருடினாருன்னு. மூணாவது நீங்க போட்ட கதைதான், நட்சத்திரம் இருக்கு, அதனால கம்யூனிஸ்ட் கத்தி, தாத்தாவுக்கு அந்தப் பக்கம் தொடர்பு இருந்திருக்கணும்னு.

சரின்னு நான் உக்காந்தேன். முதல்ல மண்ணெண்ணெயில துணிய நனைச்சு ராத்திரி பூரா சுத்தி வெச்சேன், காலையில மெலிசான இரும்பு நாரால எழுத்து இருக்கிற இடத்த மட்டும் லேசா தடவினேன். அப்புறம் சின்ன வயசுல காசு மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ப்போமே, அதே வேலைதான், மெலிசு பேப்பர வெச்சு சாய்வா பென்சில் தேய்ச்சேன். அப்படியும் சரியா வரலன்னதும் ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச அலகோட ஒட்டி படுக்க வெச்ச மாதிரி புடிச்சேன், அப்பதான் குழிக்கும் எழுத்துக்கும் நிழல் தனித்தனியா விழுந்து வித்தியாசம் தெரிஞ்சுது. சாக்பீஸ் தூள தடவி தொடைச்சாலும் எழுத்துக்குள்ள வெள்ளை நிக்கும், அதுவும் நல்ல வழி.

முதல் வரியில முன்பாதி போயிடுச்சு, கடைசியில "டேல்"னு முடியுது. ரெண்டாவது வரியில "மிங்ஹாம்". மூணாவது வரி வருஷம், 194, அதுக்கு அடுத்த எண் 3ஆ 5ஆன்னு எனக்கே ரெண்டு நாள் தெரியல. அச்சகத்துல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், தேஞ்ச அச்சுல 3ம் 5ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மேல் கொக்கிய வெச்சுத்தான் பிரிக்கணும். டார்ச்ச எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிச்சப்ப மேல நேர்கோடு தெரிஞ்சுது. 5தான். அதோட பாட்டி கதை போச்சு, சயாம் ரயில் பாதை வேலை 1943 அக்டோபர்லயே முடிஞ்சிடுச்சே. அது 3ஆவே இருந்திருந்தாலும் அந்த வருஷம் இங்கிலாந்துல அடிச்ச பட்டாளத்துக் கத்தி ஜப்பான்காரன் கையில இருந்த சயாமுக்கு எந்த வழியா போகும்னு நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும், பாட்டி சொன்னா யோசிக்கத் தோணுமா.

"டேல்", "மிங்ஹாம்" ரெண்டையும் சேர்த்தா மார்ட்டிண்டேல், பர்மிங்ஹாம். முதலை மார்க்குன்னு சொன்னா வயசானவங்களுக்கு சட்டுன்னு தெரியும், ரால்ஃப் மார்ட்டிண்டேல் கம்பெனி, 1874ல பர்மிங்ஹாம்ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் எங்கெங்க தோட்டம் போட்டானோ அங்கெல்லாம் காடு வெட்ட, கரும்பு வெட்டன்னு அந்தந்த ஊருக்குத் தகுந்த அளவுல தகுந்த வளைவுல கத்தி அடிச்சு கப்பல்ல அனுப்பினவங்க. பின்னாடி இவங்களே பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு கோலோக்னு ஒரு கத்தி செஞ்சு குடுத்தாங்க, கோலோக்குங்கிறது இந்தப் பக்கத்து மலாய்ப் பேரு, நம்ம ஊரு பேரையும் எடுத்து நம்ம ஊரு வடிவத்தையும் எடுத்து பர்மிங்ஹாம்ல அடிச்சு நமக்கே அனுப்பியிருக்கான் பாருங்க, வெள்ளைக்காரன் வியாபாரம்.

இந்த மாதிரி கத்தி முத்திரை தேடும்போது இன்னொரு கதை மாட்டுச்சு, சொல்லாம விட மனசில்ல. அமெரிக்காவுல கனெக்டிகட்ல காலின்ஸ்னு ஒரு கம்பெனி, 1826ல கோடாலி செய்ய ஆரம்பிச்சவங்க, பின்னாடி லத்தீன் அமெரிக்கா பூரா அவங்க கத்திதான். அந்தப் பேர வேற கம்பெனிக்காரங்க தங்களோட சரக்குல குத்தி வித்தாங்க, அதுல இங்கிலாந்துல இருக்கிறவங்களும் உண்டு. காலின்ஸ்காரங்க 1857ல இங்கிலாந்து கோர்ட்டுக்கே வந்து கேஸ் போட்டு, எங்க பேர நீ எப்படி போடலாம்னு கேட்டாங்க, ஜெயிச்சாங்க. அப்புறமும் நம்பிக்கை இல்லாம ஒரு கிரீடம், அதுலேர்ந்து சுத்தியல் புடிச்ச ஒரு கை, கூடவே லெஜிட்டிமஸ்னு ஒரு லத்தீன் வார்த்தை, அசல்னு அர்த்தம், இதையெல்லாம் குத்தி அனுப்பினாங்க. அந்தக் கம்பெனி 1966ல மூடிட்டாங்க. உங்க வாசகருங்க வீட்டுல கையும் சுத்தியலும் போட்ட கத்தி இருந்தா அது இதுதான், தயவு செஞ்சு அதையும் கம்யூனிஸ்ட் கத்தின்னு போட்டுடாதீங்க, சுத்தியல் இருக்கேன்னு.

இப்ப நட்சத்திரத்துக்கு வருவோம். எழுத்துக்குக் கீழ சின்னதா ஆறு முனை உள்ள ஒரு குறி. தைப்பிங்ல ரிட்டையர் ஆன ராணுவக்கார பக்சிக் (மலாய்க்கார மாமா) ஒருத்தரு பழைய பட்டாளத்துச் சாமான் சேர்த்து வெச்சிருக்காருன்னு என் கூட்டாளி சொன்னான், ஒரு சனிக்கிழமை கத்திய நியூஸ்பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு போனேன். அவரு கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு பூதக்கண்ணாடிய வெச்சுப் பார்த்தாரு, ஒரு நிமிஷம் கூட ஆகல, புக்கான் பிந்தாங், இது நட்சத்திரம் இல்லன்னாரு. பேப்பர்ல ஒரு கோடு போட்டு அதோட தலையில ரெண்டு பக்கமும் சாய்வா ரெண்டு கோடு இழுத்தாரு, பார்க்க கோழி மண்ணுல மிதிச்சுட்டுப் போன கால் மாதிரியே இருந்துச்சு. இதுதான் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துன்னு குத்துற அம்புக்குறி. ராஜா காலத்துலேர்ந்து இருக்கு, பீரங்கி, கயிறு, துணி எல்லாத்துலயும் போடுவாங்க, அமெரிக்கா அவங்க கையில இருந்தப்ப கப்பல் பாய்மரத்துக்கு ஆகுற பைன் மரத்துல கூட கோடாலியால இந்தக் குறிய வெட்டி வெச்சாங்க, நீ தொடக்கூடாதுன்னு. 1698லயே ஒரு சட்டம், இந்தக் குறி போட்ட சாமான் உன் வீட்டுல இருந்து, எப்படி வந்துச்சுன்னு உன்னால காட்ட முடியலன்னா அதுவே குத்தம். ஒவ்வொரு நாட்டுக்கும் கொஞ்சம் மாத்திப் போடுவாங்களாம், கனடாவுக்கு ஒரு இங்கிலீஷ் சி எழுத்துக்குள்ள அம்பு, இந்தியாவுக்கு அம்புக்குக் கீழ ஒரு இங்கிலீஷ் ஐ எழுத்து.

அப்ப தாத்தா திருடினதுதானா பக்சிக்னு நான் கேட்டேன், எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே முதல் கோழிக்கால் மேல இன்னொன்ன தலைகீழா வரைஞ்சாரு, ரெண்டு மூக்கும் முட்டிக்கிற மாதிரி. ஆறு முனை வந்துச்சு. எங்க வீட்டு நட்சத்திரம் அப்படியே பேப்பர்ல வந்துச்சு. சுடா ஜுவால்னாரு. வித்தாச்சு. அரசாங்கம் ஒரு சாமான இனிமே எனக்கு வேணாம்னு முறையா வெளிய விக்கும்போது, பழைய அம்புக்கு எதிரா இன்னொரு அம்ப முனையோட முனை முட்ட வெச்சு குத்திடுவாங்க, வாங்கினவன யாரும் திருடன்னு புடிக்கக் கூடாதுன்னுதான். அதாவது இந்தக் குறி கத்தியிலேயே குத்தின ரசீது. எங்க தாத்தாவத் திருடன்னு சொன்ன லயத்து ஜனங்க எதக் காட்டி சொன்னாங்களோ அதுவேதான் அவரு திருடலன்னு சொல்ற சாட்சி. நான் பக்சிக் வீட்டு வாசல்லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன், அவங்க வீட்டு மாக்சிக் பால் இல்லாத தே ஓ கொண்டு வந்து குடுத்தாங்க.

வருஷமும் கச்சிதமா பொருந்துது. 1945ல பிரிட்டிஷ்காரன் மலாயாவ திருப்பி புடிக்க காட்டுச் சண்டைக்கே தயாரா வந்தான், ஆனா ஆகஸ்ட் 15ல ஜப்பான்காரன் சரண் அடைஞ்சிட்டான். செப்டம்பர் 9ஆம் தேதி மோரிப் கடற்கரையிலயும் போர்ட் டிக்சன் பக்கமும் இறங்கினவங்க பெரும்பாலும் இந்தியப் பட்டாளத்துக்காரங்கதான், சுட ஆள் இல்ல, மோரிப்ல வண்டிங்கதான் சேத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. காடு வெட்டக் கொண்டு வந்த கத்தி பல பேர் கையில ஒரு செடியக் கூட வெட்டாம இருந்திருக்கும்னு நினைக்கிறேன். 1946 ஏப்ரல் 1ல ராணுவ ஆட்சி முடிஞ்சு மலாயன் யூனியன் வந்துச்சு, இவ்ளோ சாமான வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான், வித்துட்டான். அதே நேரம் தோட்டங்கள நினைச்சுப் பாருங்க, மூணரை வருஷம் ஒழுங்கா கவனிக்காம கித்தா (ரப்பர்) மரத்துக்கு நடுவுல பெலுக்கார் புதர் ஆள் உயரத்துக்கு நிக்குது, லாலாங் வரப்பையே மூடிடுச்சு, திரும்பி வந்த துரைமாருங்க முதல்ல போடச் சொன்னது பால் வெட்டு வேலை இல்ல, காடு வெட்டுற வேலை. சயாம்லேர்ந்து உசுரோட திரும்பி வந்த ஒருத்தருக்கு கிடைச்ச வெளிக்காட்டு வேலை அது. நல்ல கத்தி ஒண்ணு வேணும்னு தோணாதா அவருக்கு.

அப்புறம் ஏன் ஒளிச்சு வெச்சாருன்னு கேப்பீங்க. சுங்கை சிப்புட்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, 1948 ஜூன் 16ல எங்க ஊரு பக்கத்துலதான் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருங்க மூணு பேர கம்யூனிஸ்ட்காரங்க சுட்டுக் கொன்னாங்க, அதோட அவங்கள அடக்க பிரிட்டிஷ்காரன் அறிவிச்ச அவசரகாலம் வந்துச்சு. வேலிக்குள்ள லயம், கேட்டுல சோதனை, வெளிய வேலைக்குப் போறவங்க அரிசி ஒரு பிடி கொண்டு போகக் கூடாது. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா தூக்குன்னு சட்டம், தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதிய அந்தக் குத்தம் சொல்லித்தான் 1949 மே 4ல புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அந்தச் செய்தி லயத்துக்கு வந்த அன்னிக்கு ராத்திரி தாத்தா கத்திய சாக்குல சுத்தி கோழிக்கூட்டுக்கு அடியில புதைச்சாருன்னு பாட்டி சொல்லுவாங்க. கத்தி துப்பாக்கி இல்லதான், ஆனா நட்சத்திரம் போட்ட கத்தின்னு ஏற்கனவே வாய்க்கு வாய் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு, சோதனைக்கு வர்றவனுக்கு யாரு போய் கோழிக்கால் விளக்கம் சொல்றது. 1960 ஜூலை 31ல அவசரகாலம் முடிஞ்சுதுன்னு அறிவிச்ச பிறகுதான் தோண்டி எடுத்தாரு. பதினோரு வருஷம் கோழி எச்சமும் ஈரமும் அரிச்ச குழிதான் நான் முன்னாடி சொன்ன அம்மைத் தழும்பு.

பிந்தாங் தீகா நட்சத்திரம் எப்படி இருக்கும்னு பழைய போட்டோவ எடுத்துப் பாருங்க, ஜப்பான் காலத்துல காட்டுல இருந்த எதிர்ப்புப் படைக்காரங்க தொப்பியில மூணு நட்சத்திரம், மலாய்க்காரர், சீனர், இந்தியர்னு இனத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் அஞ்சு முனை. இதுக்கு ஆறு. ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும், அந்தப் படைக்கு 1945ல பிரிட்டிஷ்காரனே ஃபோர்ஸ் 136ங்கிற ரகசியப் படை மூலமா விமானத்துலேர்ந்து ஆயுதம் போட்டான், அதனால கோழிக்கால் குத்தின சாமான் காட்டுக்குள்ள போனது உண்மைதான். ஒத்தக் கோழிக்கால் இருந்தா அப்படியும் இருக்கலாம்னு யோசிக்க இடம் இருக்கு. ரெட்டையா இருந்தா அது காசுக்கு வித்த சரக்கு, அதுக்கப்புறம் அது யார் யார் கையில மாறுச்சுன்னு கத்தி சொல்லாது. நீங்க போட்ட படத்துல தெளிவா ரெண்டு இருக்கு, நான் பெருசாக்கிப் பார்த்தேன், அந்தக் குடும்பத்துல யாராவது எங்க தாத்தா மாதிரி பேச்சு வாங்கியிருப்பாங்களோன்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல.

அதனால வாசகருங்களுக்கு ஒரு வார்த்தை, பழைய கத்தி வீட்டுல இருந்தா கிரைண்டர், மணல் பேப்பர், வினிகர் இதெல்லாம் வேணாம், எழுத்து ரெண்டு முடி ஆழம்தான் இருக்கும், ஒரு தேய்ப்புல போயிடும். பழைய இரும்புக்காரன் கிலோ கணக்குல குடுக்கிற காசு எங்கேயும் ஓடிப் போகாது, முதல்ல பேப்பரும் பென்சிலும் எடுங்க.

தைப்பிங்லேர்ந்து வந்த அன்னிக்கு அத்தைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பக்சிக் வரைஞ்ச பேப்பர ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, அப்பா அத காசு குடுத்து வாங்கினேன்னுதான்டா சொன்னாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அம்மாகிட்ட சத்தியம் கூட பண்ணாரு, நாங்க யாருமே நம்பல, கூலிக்காரன் கையில பட்டாளத்துக் கத்தி வாங்க காசு ஏதுன்னு சிரிச்சோம்னாங்க. சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க, அன்னிக்கு சாப்பாட்டுக்கும் வரல.

அதனாலதான் கேக்குறேன், திருத்தம் ஒண்ணு போடுங்க. பட்டாளத்துல வித்த கத்தின்னு ஒரே ஒரு வரி போதும். வந்தா அந்தத் துண்ட வெட்டி கத்தியோட சேர்த்து வெக்கணும்னு அத்தை கத்தரிக்கோல கூட எடுத்து வெச்சுட்டாங்க. கொஞ்சம் பெரிய எழுத்தா போடுங்க, அவங்களுக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியறதில்ல.

இப்படிக்கு,
கோழிக்கால் கத்திக்காரர் பேரன்,
ஈப்போ